அர்த்தம் கேட்டால் பாத்திரம் கழுவணும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யாராவது புதிதாக ஒரு வார்த்தையை உண்டாக்கிச் சொன்னால், அதற்கு அர்த்தம் கேட்கக் கூடாது. கேட்டவர் அன்றைய பாத்திரம் அத்தனையும் கழுவ வேண்டும். சட்டத்தைப் போட்டது நான்தான். பாத்திரம் கழுவுவதில் எனக்கு இருக்கும் வெறுப்பு ஒரு காரணம். விளக்கம் சொன்ன நிமிஷமே ஒரு வார்த்தை செத்துப்போகிறது என்று நான் மனதார நம்பியது இன்னொரு காரணம்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேர்தான் ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, கரண்ட் இணைப்புப் பேர் மாற்றம் எல்லாம் நடக்கும். எழுத வராதவர்களுக்கு மனு எழுதித் தருவதும் நான்தான். நாள் முழுக்க 'மேற்படி விலாசத்தில் வசித்து வரும் நான் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது யாதெனில்' என்று எழுதி எழுதிக் கை காய்த்துப்போனவளுக்கு, வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் கூத்தடிக்க வேண்டும் போலிருக்காதா?

கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் தேனாம்பேட்டையில் ஒரு வீடியோ ஆபீஸில் வேலை செய்கிறான். கல்யாண வீடியோவையும் ரீல்ஸையும் வெட்டி ஒட்டுவது அவன் பிழைப்பு. இணையத்தில் பிள்ளைகள் இங்கிலீஷையும் தமிழையும் ஒட்டவைத்து விளையாடும் வார்த்தைகளை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். அவன் கொண்டுவந்ததில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. "இதவிட நல்லா நான் பண்ணுவேன்டா" என்று ஒரு நாள் வீம்புக்கு ஆரம்பித்தேன். அதற்கப்புறம் என் வாய் அடங்கவே இல்லை.

உங்களைப் பாத்திரம் கழுவ வைக்க முடியாது, அதனால் அர்த்தத்தோடே சொல்லிவிடுகிறேன். ஒரு கையில் போனை வைத்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டே, வாய்க்குப் போகிறதா மூக்குக்குப் போகிறதா என்று தெரியாமல் தின்பது ரீல்சாதம். இன்டர்நெட் கட்டாகி வீட்டில் ஆளாளுக்கு ஒரு மூலையில் பரிதவித்தால் அது நெட்டினி. "சரி வெச்சிடறேன், பை பை" என்று சொன்ன பிறகும் போனில் முக்கால் மணி நேரம் பேசுவது பைபையாடல். இதில் நான் பேர்போனவள். அரைக் கரண்டி குழம்பும் கால் கரண்டி பொரியலுமாக ஃபிரிட்ஜில் அடுக்கியிருக்கும் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்க்கும் முடிவில்லாத கதைக்குக் கிண்ணாயணம் என்று பேர். போனில் எவனோ அனுப்பியதைச் சாமி வாக்கு போல நம்புவது ஃபார்வேதம். இது என் கணவருக்காகவே செய்தது. வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்துக் குடித்தால் வழுக்கையில் முடி வளரும் என்று ஒரு மாதம் வெந்தயத் தண்ணீர் குடித்தவர் அவர்.

அப்புறம் லேட்டாசனம். "அஞ்சே நிமிஷம்மா, வந்துகினே இருக்கேன்" என்று மகன் போனில் சொல்லுவான். நாங்கள் இரண்டு பேரும் பட்டும் ஜரிகையுமாகக் கிளம்பி, பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு நேராக, ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். அந்த உட்காரலுக்கு நான் வைத்த பேர் அது. எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. இன்றைக்கு அதை நினைத்தாலே நெஞ்சில் முள் குத்துகிறது.

வார்த்தை பாஸாவதற்கும் ஒரு முறை இருந்தது. சொன்னதும் கணவர் முகத்தைச் சுளித்து, "இதெல்லாம் ஒரு வார்த்தையாமே?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் பாஸ். அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கடையில் பில் குத்தும் கம்பி போல ஒன்றில் குத்திச் சமையலறையில் மாட்டிவிடுவோம். மூன்று பேரும் பெரிய மனிதர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்த வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்து சேர்ந்தாள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்தை வீடியோ எடுக்கப் போன என் மகன், கல்யாணப் பெண்ணைவிடப் பக்கத்தில் நின்ற தோழியை அதிகமாக எடுத்துவிட்டு வந்தான். எடிட் பண்ணும்போது குட்டு வெளிப்பட்டது. ஒரு வருஷம் போனிலேயே ஓடியது. பிறகு இரண்டு வீடும் பேசி முடித்தோம். நல்ல உயரம், படிப்பு இருந்தது, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு. முதல் நாள் என்னிடம், "அத்தை, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்" என்றாள். 'செய்யுதேன்' என்று அவள் இழுத்த இழுப்பில் நான் விழுந்துவிட்டேன். எனக்கு மகள் இல்லை. அந்த ஏக்கம் எனக்கு இருந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வந்த வாரமே காய்கறிக் கடையில், "அண்ணாச்சி, சீனியவரைக்கா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். கொத்தவரங்காயை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கடைக்காரர், "இன்னாது, அவரைக்கு சீனி போட்டுத் தரணுமா? நான் இன்னா ஸ்வீட் ஸ்டாலா நடத்தறேன்?" என்று கேட்டு, நின்றவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்திருக்கிறார்கள். மாடி வீட்டுக்காரி அவள் பேசுவதை அவளுக்கு எதிரிலேயே பேசிக் காட்டினாள். நான் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். கேட்டதால் ஒன்றும் ஆகவில்லை. அவள் கடைக்குப் போனால் வாயைத் திறக்காமல் விரலால் காட்டி வாங்கிவர ஆரம்பித்தாள்.

ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அத்தை, நான் மெட்ராஸ் பேச்சு படிச்சிருவேன். ஆறே மாசம். அப்புறம் ஒருத்தரும் சிரிக்க மாட்டாவ."

"சிரிக்கிறவன் பல்லு கொட்டிப் போவும். நீ உன் பேச்ச பேசு" என்றேன்.

சொன்னேனே தவிர, அவள் படிப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாமனார் பேசுவதைக் கவனித்து, 'இருக்கு' என்பதை 'கீது' என்று ஒரு நாள் சொன்னாள். வீடே கைதட்டியது. "பேஜாராப் போச்சு மாமா" என்றாள் இன்னொரு நாள். அவர் பூரித்துப்போய் அவளுக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சமையலுக்கு முன்னால் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு, "அத்தை, இன்னைக்கு கிண்ணாயணம் முடிச்சிட்டுத்தான் புதுசா வைக்கணும்" என்றாள். நான் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். ஒரு தடவைகூட அர்த்தம் கேட்கவில்லை, ஒரு தடவைகூட அதற்காகப் பாத்திரம் கழுவவில்லை. தானாகவே பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கென்றே பிறந்தவள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது மாதம் ஆழ்வார்பேட்டையில் ஒரு எலும்பு, மூட்டு கிளினிக்கில் அவளுக்கு வரவேற்பு மேசை வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு டோக்கன் போடுவது, உட்காரவைப்பது, போன் எடுப்பது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். ஊரில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவள். சம்பளத்தைவிட, தனக்கென்று ஒரு மேசை இருப்பதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். காலையில் அவள் கிளம்பும்போது மாமனார் ஆட்டோவைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார். "மேடம், ஆழ்வார்பேட்டையா? மீட்டர் கிடையாது, குந்து" என்பார். தினமும் அதே ஜோக். தினமும் சிரிப்பாள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாம்மா, தலவலியா?" என்றேன்.

"இல்லை அத்தை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறேன். அட்சர சுத்தமாக, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல. விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். ராத்திரியும் அப்படியே பேசினாள். மறுநாளும் அப்படியே. "மாமா, சாப்பிட்டீர்களா?" "அத்தை, பால் பொங்கிவிட்டது." சிரிப்பு இல்லை. தானாக ஒரு பேச்சு கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில்.

"இன்னாமே, நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசிக்கினு கீது பொண்ணு?" என்று கணவர் என் காதில் கேட்டார். "நீ எதுனா சொன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. உங்க பையன கேளுங்க" என்றேன். சொன்னேனே ஒழிய, நான்தான் எதையாவது சொல்லித் தொலைத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா?

மகனுக்கும் பாதிதான் தெரிந்தது. யாரோ ஒரு பேஷண்ட் இவள் பேசிய முறையைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டாராம். வேலை நிலைக்குமா என்று சந்தேகமாம். அதற்கு மேல் கேட்டால் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுகிறாளாம். "உன் வீட்டு ஆளுங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைனு சொல்றாம்மா" என்றான். 'உன் வீட்டு ஆளுங்க' என்றதுதான் என்னை உலுக்கியது. இரண்டு வாரத்துக்கு முன்புவரை 'நம்ம வீடு' என்று சொன்ன பெண்.

அந்தச் சனிக்கிழமை கடைக்கு வந்தாள். கிளினிக்கில் ஏதோ அடையாள அட்டையின் நகல் கேட்டிருக்கிறார்கள். போனை என்னிடம் கொடுத்து, "இதில் இருக்கிறது அத்தை. பிரதி எடுத்து வையுங்கள், நான் பூ வாங்கி வருகிறேன்" என்று எதிர்ப்புறம் போனாள். படத்தைத் தேடிய நான் எதையோ அழுத்திவிட்டேன். அவள் குறிப்பு எழுதி வைக்கும் இடம் திறந்துகொண்டது.

மேலே, 'மெட்ராஸ் பேச்சு' என்று தலைப்பு. கீழே ஒரு நீளப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே அர்த்தம், அதற்குப் பக்கத்தில், பிறகு யாரையோ கேட்டுச் சேர்த்ததுபோல ஒரு சொல்.

இன்னா: என்ன. உண்டு.
கீது: இருக்கு. உண்டு.
பேஜார்: தொல்லை. உண்டு.
நெட்டினி: போனில் இன்டர்நெட் இல்லாத நேரம். இல்லை.
ரீல்சாதம்: மதியச் சாப்பாடு? இல்லை.
லேட்டாசனம்: காத்திருப்பது. இல்லை. இல்லை. இல்லை.

கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். "எக்கா, ரெண்டு காப்பி" என்று எவரோ நீட்டிய தாளை வாங்காமல், பட்டியலை மறுபடி மேலிருந்து படித்தேன்.

எல்லாவற்றையும் மெட்ராஸ் பேச்சு என்றே அவள் நினைத்திருக்கிறாள். ஏன் நினைக்க மாட்டாள்? வெளியூரிலிருந்து வந்த ஒருத்திக்கு பேஜாரும் புதுசுதான், நெட்டினியும் புதுசுதான். எது ஊர் முழுக்கப் பேசுவது, எது நாங்கள் நாலு சுவருக்குள் அடிக்கும் கூத்து என்று அவளுக்கு யார் சொன்னது? கேட்கலாம் என்றால், கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அந்தப் பெண் மாமியார் வீட்டில் நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு, தானே ஊகித்து, தானே எழுதிப் படித்திருக்கிறாள். நாங்கள் கைதட்டியிருக்கிறோம். படித்ததை வேலை செய்யும் இடத்தில் பேசியிருக்கிறாள்.

அவள் பூவோடு திரும்பி வந்தாள். நகலைக் கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஊர்க்காரர்களுக்கெல்லாம் மனு எழுதும் எனக்கு அந்த நேரத்தில் நாக்கு எழும்பவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்தவர்கள் நாங்கள் என்று நினைத்துத்தான் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். திங்கள்கிழமை காலை அவள் கிளம்பிப் போன ஒரு மணி நேரத்துக்கெல்லாம், கடையை மூடிவிட்டு, சமையலறையில் மாட்டியிருந்த காலண்டர் தாள் கத்தையைக் கம்பியோடு பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கமே?" என்றார் கணவர். அவளை விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"ஆழ்வார்பேட்டை. வண்டிய எடுங்க."

"நீ போயி எதுனா பேஜார் பண்ணிடாதமே. அந்தப் பொண்ணு வேல போயிடும்."

"போயிடாம இருக்கத்தான் போறேன். பேசாம ஓட்டுங்க."

கிளினிக்கில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துப் பட்டை, கைக்கட்டு, ஊன்றுகோல். மேசைக்குப் பின்னால் அவள். என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டாள். "அத்தை, நீங்கள் ஏன் வந்தீர்கள்?"

"உன் மேனேஜரம்மாவ பாக்கணும்."

"வேண்டாம் அத்தை." கண்ணில் பயம் தெரிந்தது. நான் கேட்கவில்லை. அவள் மேசைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டேன். கதவு முழுதாகச் சாத்தாது. உள்ளே பேசினால் வெளியே கேட்கும்.

மேனேஜர் என் வயதுக்காரி. களைத்த முகம். யாரென்று சொன்னேன். உட்காரச் சொன்னார்.

"புகார் என்னான்னு எனக்குத் தெரியணும்மா" என்றேன்.

அவர் சொன்னார். ஒரு முதுகு வலிக்காரர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். டாக்டர் எப்போது வருவார் என்று நாலாவது தடவையாக எழுந்து வந்து கேட்டிருக்கிறார். என் மருமகள் நல்ல பிள்ளையாகச் சிரித்த முகத்தோடு, "இன்னும் கொஞ்ச நேரம் லேட்டாசனம் போடுங்க சார், வந்துருவாங்க" என்றிருக்கிறாள். முதுகு நிமிராத மனுஷனிடம்! அவர் கொதித்துப்போய், நோயாளியைக் கிண்டல் செய்கிறார்கள் என்று பெரிய டாக்டர்வரை போய்விட்டார். பக்கத்து மேசைப் பெண்கள் இவளைப் பார்த்து, மெட்ராஸில் எவனும் இப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டான் என்று விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

"இந்த வார்த்தை எங்க கத்துக்கிட்டன்னு நானே கேட்டேன்" என்றார் மேனேஜர். "வீட்ல யாராவது விளையாட்டுக்குச் சொல்லிக் குடுத்தாங்களான்னும் கேட்டேன். இல்ல மேடம், எங்க ஊர்ப் பேச்சு, தெரியாம வந்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க. எழுதியும் குடுத்துட்டாங்க. அதனாலதான் இன்னும் வேலைல இருக்காங்க. மாசக் கடைசில பாத்துச் சொல்லுவாங்க."

ஃபைலைத் திறந்து அந்தத் தாளைக் காட்டினார். அவளுடைய முத்து முத்தான கையெழுத்து.

'காத்திருப்பதை எங்கள் ஊரில் அவ்வாறு சொல்வது வழக்கம். வேலை செய்யும் இடத்தில் என் ஊர்ப் பேச்சைப் பேசியது என் தவறு. இனி ஒருபோதும் பேச மாட்டேன்.'

இரண்டு தடவை படித்தேன். எங்கள் மேல் கோபத்தில் பேச்சை நிறுத்தியவள் இல்லை அவள். எங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, என் வீட்டுக் குப்பையைத் தன் ஊரின் தலையில் போட்டிருக்கிறாள். அதற்குத் தண்டனையாகத் தாய் வீட்டுப் பேச்சையே எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதிக் கொடுத்த வாக்கை எங்கள் வீட்டுக்குள்ளும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், பைத்தியக்காரி.

நான் அழுகிற ஜாதி இல்லை. அன்றைக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது.

சும்மா எழுந்து வந்திருந்தால் அவள் சொன்னது பொய்யென்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தாள் அங்கே இருக்கிறவரைக்கும் அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

"இதுல இருக்கறது உண்மை இல்லம்மா" என்றேன். "அது அவ ஊரு வார்த்த இல்ல. அம்பாசமுத்திரத்துல போயி கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அது நான் உண்டாக்குனது. என் வீட்ல, என் வாயில பொறந்தது."

அவர் நம்பாத பார்வை பார்த்தார். பையிலிருந்து கத்தையை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒவ்வொரு தாளாக உருவி, வார்த்தையைப் படித்து, அர்த்தம் சொன்னேன். வாழ்நாளில் முதல் தடவையாக அர்த்தம் சொல்கிறேன். வீட்டில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்த வார்த்தைகள், அந்த ட்யூப் லைட் வெளிச்சத்தில் அசடு வழிந்தன. மேனேஜர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு பொம்பளை இந்த வயதில் இதையா செய்துகொண்டிருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தால் தப்பே இல்லை. ஆனாலும் விடவில்லை. கிண்ணாயணத்துக்கு வந்தபோது மட்டும் அவர் வாயோரம் லேசாகத் துடித்தது. "எங்க வீட்லயும் ஏழு கிண்ணம் இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அந்தப் பொண்ணுக்கு இதுல எது மெட்ராஸ், எது எங்க கூத்துன்னு தெரியாது. சொல்லாதது என் தப்பு. வீட்டு மானம் போவக் கூடாதுன்னு பழிய அவ ஏத்துக்கினா. அந்தக் கடுதாசியக் கிழிச்சிப் போட்டுடுங்க."

"ஃபைல்ல போட்டாச்சும்மா. கிழிக்க முடியாது."

"அப்ப அதுக்குக் கீழ எழுதிக் குடுக்கறேன். எழுத இடம் இருக்கு."

அவர் தடுக்கவில்லை. என் பேனாவை எடுத்தேன். ஊர் முழுக்க யார் யாருக்கோ எழுதியிருக்கிறேன். எனக்காக எழுதியது இல்லை. 'மேற்படி சொல் இவருடைய ஊர்ச் சொல் அல்ல. இவருடைய மாமியாராகிய நான் என் வீட்டில் விளையாட்டாக உண்டாக்கியது. அதை இவரிடம் தெரிவிக்காதது என் குற்றம். இவர் தன் ஊர்ப் பேச்சில் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆகவே இனி பேச மாட்டேன் என்று இவர் எழுதிக் கொடுத்ததைச் செல்லாது என்று கருதும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டு, கடை முத்திரை எப்போதும் பையில் இருக்குமே, அதையும் ஒரு குத்து குத்தினேன்.

மேனேஜர் படித்துப் பார்த்தார். "வேலை விஷயம் என் கையில மட்டும் இல்லம்மா" என்றார். பிறகு ஃபைலை மூடிக்கொண்டே, "அவங்க நல்லாத்தான் பாக்கறாங்க. நான் சொல்றேன். அவங்க எப்பவும் பேசற மாதிரியே பேசச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கெளம்புங்க, கூட்டமா இருக்கு" என்றார்.

கத்தையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் மேசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. காது சிவந்திருந்தது. "தப்பு என்னுதும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் நிமிரவில்லை. டோக்கன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஒரு அம்மா மேசைக்கு வந்தார். மயிலாப்பூர்ப் பக்கம் போல, கையில் மஞ்சள் பை. "டாக்டர் எப்பம்மா வருவார்? கால் ரொம்பக் கடுக்கறது, உக்காரவும் முடியலை, நிக்கவும் முடியலை."

என் மருமகள் வாயைத் திறந்தாள், மூடினாள். பாதி சாத்திய அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கன உக்காருங்கம்மா, கால நீட்டிக்கோங்க. டாக்டர் கெளம்பிட்டாவ, பத்து நிமிசத்துல வந்துருவாவ. நானே வந்து கூப்பிடுதேன், நீங்க எந்திரிக்க வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா காலை நீட்டிக்கொண்டு, அவளை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "நன்னாப் பேசறியேம்மா. எந்த ஊர் நீ?"

"பொறந்தது அம்பாசமுத்திரம்மா" என்றாள் என் மருமகள். "நம்ம வீடு மந்தைவெளில இருக்கு."